உப்புத் தரவையில் ஐஸ் ஹொக்கி

ஹொக்கியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மன்னார்த் தீவில் எங்கள் பெண்கள் பாடசாலையில் ஹொக்கி அணியைத் தொடங்கியது யார் என்று கேட்டால் இப்போது எல்லோரும் என்னைத்தான் கை காட்டுகிறார்கள். நான் விஞ்ஞான ஆசிரியை. படிக்கிற காலத்தில் இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டியில் கொடிக்குப் பின்னால் நடந்ததைத் தவிர வேறெந்த வீரமும் செய்ததில்லை. எனக்கு வாய் நீளம். கோபம் அதைவிட நீளம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருத்தி ஓர் அணியை நடத்துவாள் என்று எங்கள் அதிபர் எப்படி நம்பினாரோ தெரியாது.

தொடக்கம் ஒரு பெட்டி. எங்கள் பழைய மாணவி ஒருவர் கனடாவில் இருக்கிறார். அவருடைய ஊரில் ஐஸ் மைதானம் ஒன்றில் பழைய விளையாட்டுச் சாமான்களைக் கழித்திருக்கிறார்கள். குப்பைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வராமல் எல்லாவற்றையும் வாரிக் கட்டிக் கப்பலில் போட்டுவிட்டார். "இது ஐஸ் ஹொக்கிச் சாமான். உங்கட வெயிலுக்கு என்னத்துக்கு உதவுமோ தெரியேல்லை. வேலிக்குக் கதியால் போடவாவது உதவட்டும்" என்று ஒரு துண்டும் எழுதி வைத்திருந்தார். உள்ளே இருபதுக்கு மேல் நீளத் தடிகள். ஒவ்வொன்றின் நுனியும் தட்டையாக, பலகைத் துண்டு போல, கொஞ்சம் வளைந்து இருந்தது. கறுப்பு ரப்பர் வட்டுகள் ஒரு பை நிறைய. பிறகு நாலு சோடி சப்பாத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கத்தி.

பெட்டியை இறக்கித் தந்தவர் கீரி என்கிற கடற்கரை ஊரில் இருந்து வந்த, எங்கள் மாணவி ஒருத்தியின் தகப்பன். கடற்தொழில் செய்பவர். அந்தக் கத்தியை விரலால் தடவிப் பார்த்தார். "ரீச்சர், இதால சுறா வெட்டலாம். இதைப் போட்டுக்கொண்டு என்னெண்டு ஓடுறது?" என்றார்.

நான் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டினேன். கண்ணாடிச் சுவருக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு தரை. அதன்மேல் மனிதர்கள் காற்றில் போகிற மாதிரிப் போகிறார்கள். காலை எடுத்து வைப்பதே தெரியவில்லை. திரும்புகிறார்கள், பின்பக்கமாகவே பறக்கிறார்கள், வட்டு எங்கே போகிறது என்று கண் பிடிக்கமுன்னம் கூட்டம் எழும்பிக் கத்துகிறது. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். அவர் முதலில் இருந்து போடச் சொல்லி மூன்று தரம் பார்த்தார்.

"உது தண்ணிதானே ரீச்சர்?"

"ஓம், தண்ணிதான். குளிருக்கு இறுகிப்போய் இருக்கு."

"தண்ணிக்கு மேல நடந்தது ஒராள்தான் எண்டு கேள்விப்பட்டனான்" என்று சொல்லி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பகிடிக்குச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கும் உடம்பு புல்லரித்துத்தான் இருந்தது.

அந்தக் கிழமைதான் வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு பாடசாலையும் புதிதாக ஒரு குழு விளையாட்டைத் தொடங்க வேண்டுமாம். அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் தடி ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தார். "ஐஸ் இல்லாட்டி என்ன, எங்களிட்டைப் பின்னால உப்புத் தரவை இருக்குத்தானே?" என்றார். யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டபோது எல்லோரும் குனிந்துவிட்டார்கள். எனக்குப் பஸ் பிந்துகிறதே என்று நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். "சரி, ரீச்சர் எழும்பிற்றா" என்று அதிபர் எழுதிப்போட்டார். கோதாரி, அப்படித்தான் நான் பயிற்றுவிப்பாளர் ஆனேன்.

பாடசாலைக்குப் பின்னால் கடல்நீர் ஏறுகிற தரவை ஒன்று இருக்கிறது. மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கோடையில் வற்றி, உப்புப் பூத்து, சீமெந்து போட்டதுபோல இறுகிக் கிடக்கும். ஒரு மரம் இல்லை, ஒரு கல் இல்லை. இரண்டு மணி வெயிலில் அதைப் பார்த்தால் கண் கூசும். முதல் நாள் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது ஒருத்தி, "ரீச்சர், வீடியோவில வந்த இடம் மாதிரியே இருக்கு" என்றாள். உண்மைதான். சூடு ஒன்றைத் தவிர எல்லாம் அப்படியே இருந்தது. கழுதைகளைத் துரத்திவிட்டு நாங்கள் ஐஸ் ஹொக்கியைத் தொடங்கினோம்.

வீடியோவில் ஆறு பேர், ஆகவே நாங்களும் ஆறு பேர். ரப்பர் வட்டு நிலத்தில் ஓடாமல் குத்துக்கரணம் அடித்தது. அதை விட்டுவிட்டு ரெனிஸ் பந்து எடுத்தோம். கீரித் தகப்பன் கோல் கம்பத்துக்கு வலை பின்னித் தந்தார். நல்ல நைலோன் நூல், அருமையான முடிச்சு. முதல் அடியிலேயே பந்து வலைக்குள்ளால் வெளியே போய்விட்டது. மனுஷன் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தார். "மீனெண்டால் செவுளில கொழுவும் ரீச்சர். உதுக்குச் செவுள் இல்லையே" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த கிழமை கண் சின்னதாக இன்னொரு வலை கொண்டு வந்தார்.

பதினாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள். பாதிப்பேர் தீவுப்பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைகள், சின்ன வயசில் இருந்தே கரைவலை இழுக்கக் கை கொடுத்தவர்கள். அவர்களின் தோளைப் பார்த்தால் எனக்கே பயம். மிச்சப்பேர் பெருநிலத்தில் இருந்து பஸ்ஸில் பாலம் தாண்டி வருகிறவர்கள். அவர்களில் ஒருத்தி உயிலங்குளத்துப் பிள்ளை. பத்தாம் வகுப்பு. வகுப்பில் வாய் திறக்கமாட்டாள். கேள்வி கேட்டால் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அவள் இடக்கைக்காரி.

தடி எடுக்கும்போது எல்லோரும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவள் ஒன்றை எடுத்தாள், நிலத்தில் வைத்துப் பார்த்தாள், திருப்பி வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள், அதையும் வைத்தாள். "ஏன் பிள்ளை, தேங்காயோ தெரிஞ்செடுக்கிறாய்? கெதியா ஒண்டைத் தூக்கு!" என்று நான் பாய்ந்தேன். அவள் நாலாவது தடியை நிலத்தில் வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரீச்சர், இது என்ர பக்கத்துக்கு வளைஞ்சிருக்கு."

நான் குனிந்து பார்த்தேன். அதுவரைக்கும் எல்லாத் தடியும் ஒரே மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். சிலது இந்தப் பக்கம் வளைந்திருந்தது, சிலது அந்தப் பக்கம். எங்கேயோ ஒரு நாட்டில், ஒரு தொழிற்சாலையில், இடக்கைக்காரரும் விளையாடுவார்கள் என்று யோசித்து அதற்கென்றே தடி செய்திருக்கிறார்கள்! எங்களுடைய கத்தரிக்கோல் அவளுக்கு வெட்டாது. சோதனை மண்டபத்துக் கதிரைகளில் எழுதுகிற பலகை வலப்பக்கம்தான் இருக்கும், அவள் உடம்பை முறுக்கிக்கொண்டு எழுதுவாள். பதினைந்து வயசில் முதல் தரமாக அவளுடைய கைக்கென்று செய்த ஒரு பொருள் அவளிடம் வந்திருந்தது. அதை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

பிறகு அவள் அடித்தாள். பந்து போனதை நான் காணவில்லை. வலை ஆடியதைத்தான் கண்டேன். கோலில் நின்ற பிள்ளை திரும்பிப் பார்த்து, "மாதாவே!" என்றாள்.

மூன்று மாதம் கழித்து அவளுடைய தாய் பாடசாலைக்கு வந்தார். வயல் செய்கிறவர். மெலிந்த உடம்பு, நேரே பார்க்கிற கண். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. மகள் பின்னேரம் பிந்தி வருகிறாள், சாதாரண தரச் சோதனை வருகிறது, மற்றப் பிள்ளைகள் ரியூசனுக்குப் போகிறார்கள் என்று சொன்னார். எல்லாம் நியாயமான கதை.

"நல்லா விளையாடுறா அம்மா. மாகாணப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறம்" என்றேன்.

"அதுவரைக்கும் விடுறன் ரீச்சர். போட்டியை நான் நேர வந்து பாப்பன். பாத்துப்போட்டுத்தான் மேல விடுறதோ மறிக்கிறதோ எண்டு சொல்லுவன். ஆனா ஒண்டு, பிள்ளையை வெளியில குந்த வச்சுப்போட்டு மற்றவை விளையாடுறதெண்டால் அண்டையோட சரி, பிறகு விடமாட்டன். எங்கட வயலில ஆரும் வரம்பில இருந்து பாக்கிறேல்லை. இறங்கினால் வேலை, இல்லாட்டி வீடு."

போகப் போனவர் வாசலில் நின்றார். "இடக்கையாலயோ விளையாடுறாள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஓம்."

"திருக்கேதீஸ்வரத்தில திருநீறு வாங்கப் போனாலும் உந்தக் கையைத்தான் நீட்டுவாள். எனக்கு மானம் போகும். சனத்துக்கு முன்னால..." என்று சொல்லவந்ததை முடிக்காமல் போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு நித்திரை பிடிக்கவில்லை. ஒரு தாய் பிள்ளையை மறிப்பதும் விடுவதும் எங்களுடைய ஒரு போட்டியில் வந்து நிற்கிறதே என்று பயமாக இருந்தது. ஆனால் அவள் வெளியில் குந்துவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவள் இல்லாமல் எங்களுக்கு ஏது அணி? சோளகக் காற்று மண்ணை அள்ளி எறிகிற பின்னேரங்களில் மற்றப் பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். இவள் காற்று பந்தை எங்கே தள்ளும் என்று முதலே தெரிந்தவள் மாதிரி அங்கே போய் நிற்பாள். நான் விசில் ஊத மறந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எத்தனையோ. அவளை எல்லோரும் "இடக்கைக்காரி" என்று கூப்பிட்டார்கள். அதைக் கேட்டால் இப்போது அவள் சிரித்தாள்.

மாகாணப் போட்டிக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, வவுனியாவில் இருந்து ஓர் இளம் பயிற்றுநரை அனுப்பினார்கள், புது அணிகளைப் பார்த்து ஆலோசனை சொல்ல. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தரவையின் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஹெல்மெற்றைக் கழற்றினார். பிறகும் பார்த்தார்.

"ரீச்சர், இது ஐஸ் ஹொக்கித் தடி."

"தெரியும் தம்பி."

"தெரியுமோ?"

"பெட்டியிலயே எழுதி இருந்தது. எங்களிட்டை ஐஸ் இல்லை, அதுதான் நிலத்தில விளையாடுறம்."

அந்தப் பயிற்றுநர் சிரிக்கவில்லை. அதற்காகவே நான் அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். மெல்ல, ஒவ்வொன்றாகச் சொன்னார். மாகாணப் போட்டி புல்வெளி ஹொக்கி. அது வேறு விளையாட்டு. ஆறு பேர் இல்லை, பதினொரு பேர். ரெனிஸ் பந்து இல்லை, கல் மாதிரி ஒரு பந்து. தடியும் வேறு. கட்டை, நுனி கொக்கி மாதிரி வளைந்தது, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உப்பு மண்ணிலேயே இருந்துவிட்டேன். ஆறு மாதமாகப் பதினாலு பிள்ளைகளை வெயிலில் ஓட வைத்து, இல்லாத ஒரு விளையாட்டைப் பழக்கியிருக்கிறேன்! இப்படியொரு விசர் வேலை பார்க்க மன்னாரில் என்னை விட்டால் ஆள் இல்லை.

"இடக்கைத் தடி எத்தினை வேணும் எண்டு சொல்லுங்கோ" என்று எழும்பிக் கேட்டேன். "எங்கட முக்கியமான பிள்ளைக்கு அதுதான் வேணும்."

"புல்வெளி ஹொக்கியில இடக்கைத் தடி எண்டு ஒண்டு இல்லை ரீச்சர். செய்யிறேல்லை. சட்டத்திலயும் இடமில்லை. எல்லாருக்கும் ஒரே தடிதான்."

அவள் எங்களுக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் காணவில்லை. தன் தடியைக் கொண்டுவந்து மற்றத் தடிகளோடு சாத்தி வைத்தாள். புத்தகப் பையை எடுத்தாள். "ரீச்சர், பஸ் வந்திடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

எனக்கு வந்த கோபம் முழுக்க அந்தப் பயிற்றுநரில்தான் இறங்கியது. "இந்தச் சட்டத்தை எழுதினவன் ஆர் தம்பி? உலகத்தில இடக்கைக்காரர் இல்லையெண்டு அவனுக்கு ஆர் சொன்னது? அந்தப் பிள்ளை வெளியில குந்தினால் தாய் பிறகு விடமாட்டா, தெரியுமோ உமக்கு?" என்று கத்தினேன். அவர் என்ன செய்வார் பாவம். நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த தன்னுடைய தடியை அவிழ்த்துக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ ரீச்சர். இடக்கை மேல, வலக்கை கீழ."

பிடித்தேன்.

"இப்ப பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டு போகவேணும். தட்டைப் பக்கம் ஒண்டுதானே, அதால ஒவ்வொரு தரமும் தடியைத் திருப்பவேணும். திருப்புங்கோ. எந்தக் கை திருப்புது?"

நான் திருப்பினேன். வலக்கை சும்மா ஒரு வளையம் மாதிரித் தடியைச் சுற்றி இருந்தது. திருப்பியது முழுக்க மேலே இருந்த கை. என் இடக்கை. அது இரண்டாவது தரமே களைத்துப்போனது.

"எங்களுக்கெல்லாம் இந்தக் கையைப் பழக்கி எடுக்கத்தான் வருசக்கணக்கு. அந்தப் பிள்ளை தடி பிடிக்கிற கையை மேல கீழ மாத்தினால் காணும்" என்றார்.

அட கடவுளே! எல்லோருக்கும் ஒரே தடி என்றால் அது வலக்கைக்காரருக்கான தடி என்றுதான் நான் நினைத்தேன். இந்த விளையாட்டில் வேலை முழுவதையும் செய்கிற கை இடக்கை. அந்த இளம் பயிற்றுநருக்கு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. தடியைப் பிடுங்கிக்கொண்டு என் ஸ்கூட்டிக்கு ஓடினேன்.

பஸ் போய்விட்டது. பாலத்தில் சோளகம் என்னைத் தள்ளி விழுத்தப் பார்த்தது. காலுக்கு இடையில் தடியை நெருக்கிப் பிடித்துக்கொண்டு, சாறித் தலைப்பு முகத்தில் அடிக்க, நான் உயிலங்குளம் போன கோலத்தைக் கண்டவர்கள் நல்லாகச் சிரித்திருப்பார்கள். போய்ச் சேர வெயில் சாய்ந்துவிட்டது. முற்றத்தில் அவித்த நெல் பாயில் காய்ந்துகொண்டிருந்தது. தாயும் மகளும் அதைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் தாய் பதறிப்போய், "என்ன ரீச்சர், பிள்ளை ஏதும் பிழை விட்டுட்டாளோ?" என்றார்.

"பிழை விட்டது நான்" என்று சொல்லித் தடியை அவளிடம் கொடுத்தேன். "பிள்ளை, இடக்கையை மேல பிடி. வலக்கையைக் கீழ, சும்மா பட்டும் படாமலும் பிடி."

கைப்பையில் ஒரு ரெனிஸ் பந்து கிடந்தது. அதை முற்றத்தில் போட்டேன். முதல் தரம் தவறவிட்டாள். இரண்டாம் தரமும் தவறியது. பிறகு அவள் தடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், வெறுமனே காற்றில் இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியாது. பந்து தடியோடு ஒட்டிக்கொண்டது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். பாயைச் சுற்றி, கோழிகளுக்கு நடுவால், கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். ஒரு நெல்லைக்கூட மிதிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மனிசரில் இப்படியொன்றை அதற்கு முதல் கண்டதில்லை, இனிக் காண்பேனோ தெரியாது.

தாய் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றார். "அந்தக் கையை மாத்தச் சொல்லித்தான் நான் அகப்பைக் காம்பால அடிச்சனான்" என்றார்.

நான் தலையைக் குனிந்தேன். ஆறாம் வகுப்பில், ஆய்வுகூடத்தில், "படத்தில இருக்கிற மாதிரிச் சோத்துக்கையால பிடி" என்று இதே பிள்ளையின் கையைத் தட்டிவிட்டவள் நான். அதைத் தாயிடம் சொன்னேன். அவர் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தார்.

அடுத்த நாள் பயிற்றுநர் பழைய தடிகள் ஒரு கட்டு அனுப்பிவைத்தார். பத்து நாள் தரவையில் நடந்தது வேறு ஒரு பள்ளிக்கூடம். கரைவலை இழுத்த தோள்களெல்லாம் இடக்கை வலிக்குது, இடக்கை வலிக்குது என்று அழுதன. வாய் திறக்காத பிள்ளை ஒவ்வொருத்தியிடமும் போய், மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, "இப்பிடி, இப்பிடி" என்று சொல்லிக் கொடுத்தாள். "இடக்கைக்காரியின்ர காலம் வந்திட்டுதடி" என்று மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். பயிற்றுநர் கொப்பியில் எழுதித் தந்த சட்டங்களை நான் தனிய இருந்து வாசித்தேன். கோலுக்கு முன்னால் ஓர் அரைவட்டக் கோடு இருக்கவேண்டும், அதற்குள் நின்று அடித்தால்தான் கோல் என்று அதில் இருந்தது. ஒரு நாள் பிள்ளைகள் வரமுன்னம் சுண்ணாம்புத் தூள் போட்டுக் கீறினேன். உப்பு வெள்ளையில் சுண்ணாம்பு வெள்ளை யாருக்குத் தெரியும்? மிச்சத்தைக் காற்று கொண்டுபோனது. "சரி, பேந்து பாப்பம்" என்று, பிள்ளைகளுக்கும் சொல்லாமல் பிறகுக்கு விட்டுவிட்டேன். பழக்க வேண்டியது மலைபோலக் கிடந்தது.

போட்டி வவுனியாவில். பச்சைப் புல்லில், பளிச்சென்ற வெள்ளைக் கோடுகள் போட்ட மைதானம். எங்கள் பிள்ளைகள் அதில் கால் வைக்கவே தயங்கினார்கள். எதிரணிக்கு ஒரே நிறச் சப்பாத்து, ஒரே நிறக் காலுறை. தாய் விடிய வெளிக்கிட்டுப் பஸ் ஏறி வந்து, சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு கோட்டோரம் நிலத்தில் இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

நாங்கள் தோற்றோம். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. எங்கள் பிள்ளைகள் ஆறு மாதப் பழக்கத்தில் தடியின் இரண்டு பக்கத்தாலும் அடித்தார்கள், ஒவ்வொரு தரமும் விசில். காலில் பட்டால் விசில், திரும்பினால் விசில். நாலு கோல் வாங்கினோம். ஆனால் அந்தப் பிள்ளையிடம் பந்து போகும்போதெல்லாம் மைதானம் அடங்கியது. எதிரணியின் ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்து, "உந்தப் பிள்ளை எத்தினை வருசமா விளையாடுது?" என்று கேட்டார். "பத்து நாள்" என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

முடிய இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். நடுவில் பந்தை எடுத்தாள். ஒருத்தியை விலத்தினாள், இரண்டாவது ஆள் தடியை நீட்டமுன்னமே மறுபக்கம் போய்விட்டாள், மூன்றாவது ஆள் விழுந்தாள். பிறகு அடித்தாள். கோல் காவலாளி அசையவே இல்லை. கோலுக்குள் இருந்த பலகையில் பந்து மோதின சத்தம் எல்லோருக்கும் கேட்டது. எங்கள் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிப்போய் அவளைத் தூக்கினார்கள். தாய் சோற்றுப் பார்சலை நிலத்தில் போட்டுவிட்டு எழும்பி நின்று கை தட்டினார். அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

நடுவர் கையை ஆட்டி இல்லை என்றார். அவள் நின்று அடித்த இடம் அரைவட்டக் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே.

அவள் நிலத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எங்கே நின்றாலும் கோலைப் பார்த்து அடி என்று ஆறு மாதமாகக் கத்தியவள் நான். அந்தக் கோட்டைக் கொப்பியில் வாசித்துவிட்டுப் பேந்து பாப்பம் என்று விட்டவளும் நான்தான். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

விளையாட்டு முடிந்து கைகுலுக்கிவிட்டு அவள் வந்து தாய்க்கு முன்னால் நின்றாள். வியர்வை வழிந்தது. முழங்காலில் இரத்தம். தாயின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். மற்றப் பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். தாய் சொல்லப்போவது என்ன என்று எல்லோருக்கும் தெரியவேண்டியிருந்தது.

தாய் என் பக்கம் திரும்பினார்.

"ரீச்சர், அது உள்ள போனதை நான் என்ர கண்ணால கண்டனான். ஏன் எண்ணேல்லை?"

நான் மைதானத்தைக் காட்டினேன். "அந்த அரைவட்டக் கோட்டுக்கு உள்ள நிண்டு அடிச்சால்தான் கோல் அம்மா. பிள்ளை வெளியில நிண்டு அடிச்சிட்டா."

"உள்ள நிண்டு அடிச்சால் எண்ணுவினமோ?"

"ஓம்."

"கோடு இருக்கிறது பிள்ளைக்குத் தெரியுமோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

தாய் குனிந்து சோற்றுப் பார்சலை எடுத்தார். மண்ணைத் தட்டிவிட்டு மகளின் கையில் கொடுத்தார்.

"திங்கக்கிழமை பிள்ளையை விடுறன்" என்றார். "நீங்கள் கோட்டைக் காட்டுங்கோ ரீச்சர்."